சும்மா கிடப்பதுபோல் கிடக்கும் இரும்பு

சுருள்வில் தன் சுமையை மறைப்பதில்லை. அமுக்கினால் சுருங்கும், விட்டால் நீளும். லாரியின் பட்டைகளும் அப்படித்தான்: பாரம் ஏறினால் வளைவு நிமிர்கிறது, பாரம் இறங்கினால் மீண்டும் வளைகிறது. முறுக்குத் தண்டு ஒன்றுதான் தன் நிலையை வெளியே காட்டாது. வண்டியின் முன்பாரத்தைச் சுமந்து முறுகி நிற்கும் தண்டும், உதிரிபாகக் கடையின் மூலையில் சாத்தி வைத்த தண்டும் கண்ணுக்கு ஒன்றே. இரண்டும் நேரான கம்பிகள். பட்டறைகளில் டார்ஷன் பார் எனப்படும் இந்தத் தண்டைக் கழற்றுவதில் உள்ள ஆபத்து முழுவதும் இந்த ஒற்றுமையிலிருந்து பிறக்கிறது.

எஃகின் முறுக்குச் சோர்வு குறித்து ஹைதராபாத்தில் ஆய்வு செய்துவருகிறேன். எங்கள் ஆய்வகத்தில் விரல் தடிமன் கொண்ட மாதிரிகளைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வைத்து முறுக்குகிறோம். உடைந்தால் கணினி குறித்துக்கொள்ளும். அதே இயற்பியலை ஒரு மனிதர் தம் தோள்மட்டத்தில் வைத்துக் கையாள்வதைக் கண்டது கடந்த குளிர்காலத்தில்தான்.

என் தாய்மாமா குடிமல்காபூர் பூச்சந்தைக்குச் சரக்கு ஏற்றுபவர். அவருடைய பழைய பிக்கப் வண்டியின் இடப்பக்க முன்புறம் மூன்று விரற்கடை தாழ்ந்துவிட்டது. சரிசெய்யும் போல்ட்டை இறுக்கினால் போதும், வண்டி நிமிர்ந்துவிடும், இன்னும் கொஞ்சம் பாரமும் ஏற்றலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆட்டோநகரில் நெடுங்காலமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு உஸ்தாத் அதை மறுத்து, இரண்டு தண்டுகளையும் மாற்ற வேண்டும் என்றார். "மாப்பிள்ளை, நீ படிக்கிறதும் இதைத்தானே? வந்து பக்கத்தில் நில்" என்று மாமா அழைத்தார். சென்றேன்.

அமைப்பு எளியது. தண்டின் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கரத்தில் பல்வரிசையால் பூட்டப்பட்டிருக்கும். மறுமுனையில் ஒரு சிறு நெம்புகரம். அது சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் ஒரு நீண்ட போல்ட்டால் தடுத்து நிறுத்தப்பட்டிருக்கும். சக்கரம் மேலேறும்போது தண்டு முறுகுகிறது. முறுகிய தண்டு சக்கரத்தைத் திரும்பக் கீழே தள்ளுகிறது. டாட்டா சஃபாரி, டொயோட்டா குவாலிஸ், முதல் தலைமுறை மஹிந்திரா ஸ்கார்பியோ என நம் சாலைகளில் ஓடிய பல வண்டிகளின் முன்பக்கம் இப்படித்தான் நின்றது.

இதன் விதியை 1784இல் எழுதியவர் கூலும். மெல்லிய கம்பிகளை முறுக்கிப் பார்த்த அவர், முறுக்கு எதிர்ப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்திலும் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும் இருப்பதைக் கண்டார். 1798இல் கேவண்டிஷ் ஈயக் குண்டுகளுக்கிடையிலான ஈர்ப்பை அளந்ததும் முறுகும் கம்பி ஒன்றைக்கொண்டுதான். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931இல் முறுக்குத் தண்டு சஸ்பென்ஷனுக்குக் காப்புரிமை கோரினார். 1934இல் வெளிவந்த சிட்ரோயென் டிராக்ஷன் அவான் காரின் முன்பக்கம் முறுக்குத் தண்டுகளில் நின்றது. நம் ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு. ஐஐடி ஹைதராபாத் 2008இல் தற்காலிகமாகத் தொடங்கப்பட்டது எத்துமைலாரத்தில், மேடக் படைக்கலத் தொழிற்சாலையின் குடியிருப்பு வளாகத்தில். அந்தத் தொழிற்சாலையில் உருவாகும் சரத் கவச வாகனத்தின் ஒவ்வொரு சாலைச் சக்கரமும் ஒரு முறுக்குத் தண்டின்மேல்தான் நிற்கிறது. உலகின் மிக நுண்ணிய விசையை அளந்த விதியே பல டன் இரும்பையும் தாங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக 25 மில்லிமீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள எஃகுத் தண்டு. அதை ஒரு பாகை முறுக்க ஏறத்தாழ 53 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசை வேண்டும். 30 பாகை முறுகி நின்றால் அதனுள் சுமார் 420 ஜூல் ஆற்றல் உறைந்திருக்கும். 43 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்திருப்பதற்கு அது சமம். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் முறுக்கு குறையும்; ஆனால் தீராது. கீழ்க்கரம் தன் எல்லைத் தடுப்பில் முட்டி நின்றுவிடும். மிச்ச முறுக்கு உள்ளேயே இருக்கும். 10 பாகை மிஞ்சினாலும், 15 சென்டிமீட்டர் நீளமுள்ள நெம்புகரத்தின் நுனியில் ஏறத்தாழ 360 கிலோ எடைக்கு ஒப்பான விசை காத்திருக்கிறது. "சக்கரம்தான் தொங்குகிறதே" என்று எண்ணி நெம்புகரத்தைத் தட்டிக் கழற்ற முனைபவர் எதிர்கொள்வது இந்த 360 கிலோவைத்தான்.

போல்ட்டை இறுக்கினால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்ற எண்ணத்தையும் இதே விதி தகர்க்கிறது. போல்ட் தண்டின் தொடக்க நிலையை மாற்றுகிறது. விட்டத்தையோ நீளத்தையோ மாற்றுவதில்லை. எனவே வண்டியின் முகம் உயரும், விறைப்பு உயராது. உயர்ந்த வண்டியில் கீழ்க்கரம் கீழிறங்க இடம் குறைவதால் குலுக்கல் கூடும். அந்தக் குலுக்கலை ஓட்டுநர் வலிமை என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் விறைப்பு வேண்டுமானால் விட்டம் வேண்டும்: 25 மில்லிமீட்டர் 26 ஆனால் விறைப்பு 17 விழுக்காடு கூடுகிறது. உஸ்தாதுக்கு நான்காம் படி தெரியாது. "போல்ட் உயரத்தைக் கொடுக்கும், உயிரைக் கொடுக்காது" என்று அவர் மாமாவிடம் தக்கனியில் சொன்னதன் பொருள் அதுவே.

அவர் வேலை செய்த முறையை வரிசையாகக் குறித்துக்கொண்டேன். முந்தின நாள் மாலையே இரு போல்ட்டுகளின் மரைகளையும் கம்பித் தூரிகையால் தேய்த்து எண்ணெய் விட்டிருந்தார். துருவேறிய மரை பாதி வழியில் பிய்த்துக்கொண்டால் விசையைப் பிடித்து நிறுத்த வேறெதுவும் இல்லை. தண்டுதான் தளர்ந்ததா, அல்லது கரங்களின் புஷ்கள் தேய்ந்ததால் தாழ்வா என்பதையும் முதலிலேயே ஆராய்ந்தார். மறுநாள் சமதளத் தரையில் வண்டியை நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். ஜாக்கியைக் கீழ்க்கரத்தில் வைக்காமல் சேஸிஸில் வைத்துத் தூக்கி, இருபுறமும் இரும்புத் தாங்கிகளில் இறக்கினார். ஜாக்கியை நம்பி யாரும் அடியில் செல்லவில்லை. போல்ட்டின் மரை எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்து சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினார். தண்டும் நெம்புகரமும் சேருமிடத்தில் வண்ணக்கோடு இட்டார்.

பிறகு போல்ட்டைத் தளர்த்தினார். காற்றழுத்தத் துப்பாக்கி ஓரமாகக் கிடந்தது. அவர் எடுத்தது நீண்ட கைப்பிடி ஸ்பேனரை. இடப்பக்கம் சில சுற்று, வலப்பக்கம் சில சுற்று என எண்ணிக்கொண்டே மாற்றி மாற்றித் தளர்த்தினார். முகமும் கையும் நெம்புகரம் சுழலும் பாதைக்கு வெளியே இருந்தன. போல்ட் லேசானதும் உடனே கழற்றிவிடவில்லை. நீண்ட கம்பியொன்றால் நெம்புகரத்தைத் தள்ளிப் பார்த்தார். அது தொளதொளவென்று ஆடியது. "ஆடினால்தான் இரும்பு, ஆடாதவரை அது விலங்கு" என்றார் தம் உதவியாளரிடம்.

எல்லா வண்டிகளிலும் இந்த வழி போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலவற்றில் முறுக்கு முழுவதும் தீரும் அளவுக்குப் போல்ட் நீளமாக இருக்காது. அங்கே நெம்புகரத்தைத் தாங்கிப் பிடித்து மெல்ல இறக்க, அதற்கென்றே செய்யப்பட்ட திருகுக் கருவி தேவை. கையில் கிடைத்த கிளாம்ப்பை மாட்டுவது, கியாஸ் கொண்டு சூடாக்குவது, சம்மட்டியால் அடிப்பது ஆகிய மூன்றும் கூடாதவை. கிளாம்ப் வழுக்கும், சூடு எஃகின் பதத்தைக் கெடுக்கும், அடி மேற்பரப்பில் வடு உண்டாக்கும். முறுகும் தண்டில் தகைவு மையத்தில் சுழி, மேற்பரப்பில் உச்சம். ஆகவே நகக்கீறல் அளவான வடுவும் பல்லாயிரம் குலுக்கல்களுக்குப் பின் விரிசலாக வளரக்கூடும். புதிய தண்டின் வண்ணப்பூச்சைக்கூட அவர் சாக்குத்துணி சுற்றியே கையாண்டார்.

தண்டுகளின் முனையில் இடம், வலம் என்று குறியிருந்தது. அளவில் இரண்டும் ஒன்றுதானே, ஏன் மாற்றிப் போடக்கூடாது என்று உதவியாளர் இளைஞர் கேட்டார். "இரும்புக்கும் பழக்கம் உண்டு பேட்டா. இது ஒரு பக்கம் திரும்பப் பழகியது" என்றார் உஸ்தாத். பாடநூல் சொல்வதும் இதைத்தான். ஆலையில் தண்டை அது உழைக்கப்போகும் திசையிலேயே மீள்தன்மை எல்லையைத் தாண்டி ஒருமுறை முறுக்கிவிடுகிறார்கள். விட்டதும் மேற்பரப்பில் எதிர்த்திசைத் தகைவு தங்கிவிடுகிறது. பின்னர் ஏறும் சுமையின் ஒரு பகுதியை அது ஈடுசெய்கிறது. பக்கம் மாற்றிப் பூட்டினால் ஈடுசெய்ய வேண்டிய தகைவு சுமையோடு கூடிக்கொள்ளும். எங்கள் துறையில் எஞ்சிய தகைவு என்று எழுதுவதை அவர் பழக்கம் என்கிறார். எது நல்ல கலைச்சொல் என்று எனக்கு ஐயமாகவே இருக்கிறது.

பற்களில் கிரீஸ் தடவிப் புதிய தண்டுகளைப் பூட்டி, போல்ட்டுகளைச் சம அளவில் ஏற்றி, வண்டியைத் தரையிறக்கிச் சிறிது தூரம் ஓட்டி வந்தபின்தான் உயரத்தை அளந்தார். இறுதியாக வீல் அலைன்மென்ட்டுக்கு அனுப்பினார். உயரம் மாறினால் சக்கரங்களின் சாய்வும் மாறிவிடும், டயர் ஒருபுறமாகத் தேயும்.

தேநீர் வேளையில்தான் அவருடைய வலக்கையைக் கவனித்தேன். ஆள்காட்டி விரலில் மேற்கணு இல்லை. சிறுவனாக வேறொரு பட்டறையில் எடுபிடியாக இருந்தபோது, தொங்கும் சக்கரத்தைப் பார்த்து முறுக்கு தீர்ந்துவிட்டது என்று அங்கிருந்த பெரியவர் சொல்ல, இவர் கைவைத்தாராம். அதை வருத்தமின்றிச் சொன்னார். தம் பட்டறையில் நெம்புகரம் ஆடும்வரை வேறு யாரும் வண்டியருகே வரக்கூடாது என்ற விதி அந்த விரலிலிருந்து வந்தது.

இந்த அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு ஒரு விரலைக் கொடுத்துத்தான் கடக்க வேண்டுமா? பட்டறைக் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பட்டறையில் புழங்குவதோ தெலுங்கும் தக்கனியும், எங்கள் ஊர்ப்பக்கம் தமிழும். கையேட்டில் எச்சரிக்கை என்ற சொல் உண்டு, ஆனால் அதைப் படிப்பவர் பெரும்பாலும் ஸ்பேனர் பிடிப்பவர் அல்லர். நாம் எழுதும் ஆய்வுக்கட்டுரைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எஃகு எப்போது உடையும் என்று நுட்பமாக எழுதுகிறோம். அதன்கீழ் படுத்திருப்பவர் எங்கே தலையை வைக்கக்கூடாது என்பதை யாரும் ஆய்வுக்கேள்வியாக எண்ணுவதில்லை. அந்த இளைஞருக்குப் பத்தொன்பது வயது இருக்கும். பத்து விரல்களும் இருக்கின்றன.

ஆகவே ஒரு பக்க அளவில் படங்களுடன் ஒரு தாள் தயாரித்து உஸ்தாதிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: எப்படிக் கழற்றுவது என்பதற்கு முன்னால், எங்கே நிற்கக்கூடாது என்ற படம் பெரிதாக வர வேண்டும். அப்படியே வரைந்திருக்கிறேன். தமிழ் வடிவம் ஆயத்தமாக உள்ளது. தெலுங்கிலும் உருதுவிலும் பட்டறைச் சொற்கள் அறிந்து எழுதக்கூடிய நண்பர்கள், அகராதிச் சொற்களைத் தவிர்த்து எழுதித்தர முன்வந்தால் நன்றி உடையவனாவேன். ஆட்டோநகரில் முதல் பத்துப் படிகளை ஒட்டுவதற்குச் சுவர் தருவதாக உஸ்தாத் சொல்லியிருக்கிறார்.