டிவிக்குப் பின்னாடி ஒரு விளக்கு

ராத்திரி பத்து மணிக்கு மேல எங்க வீட்டு ஹால் ரெண்டாப் பிரியும். ஒரு பாதி அம்மாவோட தூக்கத்துக்கு, மறுபாதி அப்பாவோட பழைய படங்களுக்கு. டியூப்லைட் போட்டா அம்மா எழுந்துடுவாங்க. போடலைன்னா அப்பாவுக்கு அரைமணி நேரத்துல தலைவலி. கண் டாக்டர்கிட்ட காட்டினோம். பவர்ல மாற்றம் ஒண்ணும் இல்ல, இருட்டுல டிவி பாக்காதீங்கன்னார்.

"அப்ப பாக்காதீங்கப்பா"ன்னு நானும் சொல்லிட்டேன்.

மனுசன் மறுநாள்லேருந்து பாக்கல. தண்ணி குடிக்க எழுந்து வந்தா, கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டு ஃபேனைப் பாத்துட்டுப் படுத்திருக்கார். எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு.

அப்புறம்தான் நோண்ட ஆரம்பிச்சேன். விஷயம் ரொம்ப சிம்பிள். இருட்டுல கண்ணுல பாப்பா நல்லா விரிஞ்சிருக்கும். திரையில திடீர்னு பளிச்னு ஒரு சீன் வந்தா சுருங்கும், அடுத்த சீன்ல மறுபடி விரியும். இதே வேலையா இருந்தா கண்ணு களைச்சுப் போகாம என்ன செய்யும்? டிவிக்குப் பின்னாடி சுவத்துல மெலிசா வெளிச்சம் இருந்தா இந்த ஏத்த இறக்கம் குறையும். போனஸா, கறுப்பு இன்னும் கறுப்பாத் தெரியும். புது ஐடியாவும் இல்ல. 1950கள்லயே அமெரிக்காவுல சில்வேனியா கம்பெனி, திரையைச் சுத்தி ஒளிர்ற சட்டம் வெச்சு 'ஹேலோலைட்'னு டிவி வித்திருக்கு. நம்மூர்ல ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டுட்டு ஒளியும் ஒலியும் பாத்த மாமாக்களும் விவரமானவங்கதான் போல!

மொதல்ல ஆசைப்பட்டு கலர் கலரா மாறுற எல்இடி ஸ்ட்ரிப் வாங்கினேன். ரிமோட் வேற. ஹால் திருவிழாப் பந்தல் மாதிரி ஆச்சு. "ஏண்டா, சாமி ஊர்வலம் எப்ப?"ன்னார் அப்பா. வெள்ளைன்னு வெச்சாலும் நீலமா அடிச்சுது. வேண்டியது நிறம் மாறாத வெள்ளை, 6500 கெல்வின். நம்ம 'கூல் டேலைட்' டியூப்லைட் பெட்டியில போட்டிருக்குமே, அதே நம்பர். டிவி படமும் அந்த வெள்ளையை வெச்சுத்தான் தயாராகுது.

ரெண்டாவது ஸ்ட்ரிப் சரியா அமைஞ்சுது. டிவி முதுகை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, ஓரத்துலேருந்து ரெண்டு இஞ்ச் உள்ள தள்ளி, மூணு பக்கம் ஒட்டினேன். 43 இஞ்ச் டிவிக்கு ரெண்டு மீட்டர் போதும். ஸ்ட்ரிப்புக்கு 1 ஆம்பியர் வேணும். டிவியோட யூஎஸ்பி 2.0 போர்ட் தர்றது 500 மில்லிஆம்பியர்தான். அதனால பழைய போன் சார்ஜர்ல மாட்டிட்டேன். எங்க சுவரு வெளிர் பச்சை, வெளிச்சமும் பச்சையா வந்துச்சு. பின்னாடி வெள்ளை சார்ட் பேப்பர் ஒட்டினதும் சரியாச்சு. கடைசியா டிம்மரைத் திருகி, திரையோட உச்ச வெளிச்சத்துல பத்துல ஒரு பங்கு இருக்கும்ங்கிற அளவுக்குக் குறைச்சேன்.

அன்னிக்கு ராத்திரி அப்பாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். அரைமணி ஆச்சு, ஒரு மணி ஆச்சு. நெத்தியில கை வெக்கல. "தலை வலிக்குதாப்பா?"ன்னேன்.

"சும்மா இருடா, நாகேஷ் வர்றான்."

அம்மா பாதித் தூக்கத்துல கண்ணைத் தொறந்து, "சாமி விளக்கை யாரு டிவிக்குப் பின்னாடி வெச்சது?"ன்னுட்டு திரும்பிப் படுத்துட்டாங்க.

ரெண்டு பேரையும் பாத்துட்டு நானும் போய்ப் படுத்தேன். "பாக்காதீங்க"ன்னு சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகல எனக்கு. இதைச் செய்ய ஒரு ஞாயித்துக்கிழமைதான் ஆச்சு.