வெறுங்கையோடு திரும்பும் தூரம்

கருங்கரடி பெரிதா சிறிதா என்பதைக் காதைப் பார்த்துச் சொல்லலாம். இளங்கரடிக்குக் காதுகள் தலையின் உச்சியில் நிமிர்ந்து, முகத்துக்கு மிஞ்சியதாகத் தெரியும். வயதேறிய ஆண்கரடிக்கோ தலை அகன்று போய், காதுகள் இரண்டு ஓரங்களுக்கும் ஒதுங்கிச் சிறுத்துவிடும். காது வளர்ந்து முடிந்த பிறகும் தலை பருத்துக்கொண்டே போவதால் வருவது அது. ட்றக் ஓட்டும் தம்பி ஒருவர் இதை எனக்குச் சொன்னார். கூடப் பிறந்தவர் அல்ல, ஸ்காபரோவில் எங்கள் தெருக்காரர். பல வருடங்களாக வேட்டைக்குப் போகிறார். காது விஷயத்தைச் சொன்ன கையோடு கேட்டார்: "அண்ணை, வைகாசிக் கடைசியிலை வைற் றிவர் பக்கம் போறம். நீங்களும் வாங்கோவன். எல்லாப் பேப்பரும் இருக்குத்தானே உங்களிட்டை."

இருக்கிறது. துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பும் வேட்டைக்காரர் வகுப்பும் முடித்து, அட்டைகளை எடுத்து வைத்திருக்கிறேன். இறைச்சி தின்கிறவன், அந்த இறைச்சிக்கான சாவை ஒரு தடவையாவது தன் கையால் ஏற்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்து வருகிறேன். கருங்கரடி அருகி வரும் விலங்கும் அல்ல. ஒன்ராறியோவில் மட்டும் ஏறக்குறைய ஒரு இலட்சம் இருக்கலாம் என்பது மாகாண அரசின் மதிப்பீடு. ஆகவே சுடலாமா கூடாதா என்பதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. தயக்கம் முழுவதும் தூரத்தில்தான். ரொறன்ரோவில் இருந்து சட்பரி, சூ சென் மேரி, பிறகு சுப்பீரியர் ஏரிக்கரையோடு வாவா, அதற்கும் அப்பால் வைற் றிவர். ஏறக்குறைய 1000 கிலோமீற்றர். ஒரு கரடிக்காக அவ்வளவு தூரம் போகலாமா?

அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் எனக்கு வேட்டைக்கு முந்தி ஒரு குட்டிதான் நினைவுக்கு வந்தது. 1914 ஓகஸ்ட் 24 அன்று, போருக்குப் போகும் சிப்பாய்களை ஏற்றிய ரயில் வைற் றிவரில் நின்றது. வினிபெக்கில் இருந்து வந்துகொண்டிருந்த ஹரி கோல்பேர்ன் என்ற மிருக வைத்தியர், மேடையில் ஒரு பொறிவேட்டைக்காரரிடம் இருந்து பெண் கருங்கரடிக் குட்டி ஒன்றை 20 டொலருக்கு வாங்கினார். தாயை அந்த வேட்டைக்காரரே கொன்றிருந்தார் என்று சொல்வார்கள். கோல்பேர்ன் தன் ஊர்ப் பெயரையே குட்டிக்கு வைத்தார்: வினிபெக், சுருக்கமாக வின்னி. படைப்பிரிவு பிரான்சுக்குக் கிளம்பியபோது அது லண்டன் மிருகக்காட்சிச்சாலைக்குப் போனது. 1934 வரை அங்கேதான் வாழ்ந்தது. அதைப் பார்க்கப் போன கிறிஸ்ரோபர் றொபின் என்ற சிறுவன் தன் பொம்மைக் கரடிக்கு அந்தப் பெயரைச் சூட்ட, அவனுடைய தகப்பன் ஏ. ஏ. மில்ன் எழுதிய கதைகளால் 'வின்னி த பூ' உலகமெல்லாம் பரவியது.

குழந்தைகள் கட்டிப்பிடித்துத் தூங்கும் மற்றக் கரடியான டெடியும் ஒரு கருங்கரடி வேட்டையில் பிறந்ததுதான். அந்த வேட்டையின் கதையைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். என்னுடைய தூரக் கேள்விக்கு விடை அதற்குள்தான் இருக்கிறது என்று இப்போது படுகிறது.

1902 நவம்பர். அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் வொஷிங்டனில் இருந்து மிசிசிப்பிக்கு ரயிலில் வந்திருக்கிறார். ஒன்வேர்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்துச் சதுப்புக் காடு. மூங்கில் போன்ற நாணல் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும். வேட்டையை நடத்துபவர் ஹோல்ட் கோலியர். அடிமையாகப் பிறந்த கறுப்பர், அந்தச் சதுப்பு நிலம் முழுவதையும் காலால் அறிந்தவர். அவர் வீழ்த்திய கரடிகள் 3000-க்கு மேல் என்று பேசப்பட்டது. தொலைவில் இருந்து வந்த விருந்தாளி கரடி காணாமல் திரும்பக் கூடாது என்ற பொறுப்பு அவர் தோளில் ஏற்றப்பட்டிருந்தது.

நாய்கள் கரடியைக் கிளப்பி, எந்த வழியாக வெளியே வரும் என்று கோலியர் கணக்குப் போட்டிருந்தாரோ அதே வழியால் கொண்டுவந்தன. ஆனால் அங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ரூஸ்வெல்ட் காத்திருந்து சலித்து, மதியச் சாப்பாட்டுக்கு முகாமுக்குப் போய்விட்டார். ஓடிக் களைத்த கரடி திரும்பி நின்று நாய்களோடு பொருதியது, ஒரு நாயைக் கொன்றது. மற்ற எந்த நாளிலும் கோலியர் உடனே சுட்டு முடித்திருப்பார். அன்று அவரால் சுட முடியாது. அது அடுத்தவருக்கு என்று ஒதுக்கப்பட்ட கரடி. தன் நாயைக் காப்பாற்றத் துப்பாக்கிக் கட்டையால் கரடியின் தலையில் அடித்தார், கயிறு போட்டு மரத்தோடு கட்டினார், கொம்பை ஊதி ஜனாதிபதியை அழைத்தார்.

ரூஸ்வெல்ட் வந்து பார்த்தார். அடிபட்டு, மயங்கி, மரத்தில் கட்டுண்டு கிடக்கும் விலங்கைச் சுடமாட்டேன் என்று மறுத்தார். பத்திரிகைகள் அதை ஊரெல்லாம் கொண்டுபோயின. நவம்பர் 16 அன்று 'வொஷிங்டன் போஸ்ட்'டில் கிளிபோர்ட் பெரிமன் அந்தக் காட்சியைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். புரூக்ளினில் மிட்டாய்க்கடை வைத்திருந்த மொறிஸ் மிச்ரமும் மனைவி றோஸும் துணிக்கரடி ஒன்றைத் தைத்து, ஜனாதிபதியின் செல்லப்பெயரை அதற்கு இட்டுக் கடையில் வைத்தார்கள். கதையை எல்லோரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். அந்தக் கரடி பிழைக்கவில்லை. அதன் வேதனையை முடித்துவிடும்படி ரூஸ்வெல்ட்டே சொல்ல, கத்தியால் கொன்றார்கள்.

இந்தக் கதையில் எவரும் கெட்டவர் இல்லை. ரூஸ்வெல்ட் வேட்டை நியாயம் அறிந்தவர், கோலியர் தன் தொழிலில் மன்னன். இருந்தும் நடந்தது ஒரு கேவலமான சாவு. அதை நடத்தியது தூரம் என்று நினைக்கிறேன். அந்தக் காட்டிலேயே வாழும் ஒருவருக்கு அந்தக் கரடி தப்பியிருந்தால் தப்பியதுதான். அடுத்த கிழமை வேறொன்று வரும். ரயிலில் வந்து சில நாட்களில் ரயிலில் திரும்ப வேண்டியவருக்காக, தப்ப வேண்டிய கரடியைக் கட்டி வைக்க வேண்டியிருந்தது. 1907-இல் ரூஸ்வெல்ட் மறுபடியும் கரடி வேட்டைக்கு வந்தார், இந்தத் தடவை லூசியானா நாணற்காட்டுக்கு. கோலியரையும் அழைத்துக்கொண்டார். நாட்கள் வெறுமையாகக் கழிந்தன. கடைசியில் ஒரு கரடியைச் சுட்டுவிட்டுத்தான் போனார். தொலைவில் இருந்து போகிறவன் போகும்போதே ஒரு கடனைத் தூக்கிக்கொண்டு போகிறான். அதை அடைக்க வேண்டியது கரடி.

வைற் றிவர்ப் பயணத்தை இந்தக் கண்ணால் பார்க்கிறேன். வடக்கே கருங்கரடியை இரை வைத்தே பெரும்பாலும் வேட்டையாடுகிறார்கள். காட்டுக்குள் ஒரு இரும்புப் பீப்பாயை மரத்தோடு சங்கிலியால் பிணைத்து, பழைய பாண், டோனட், ஓட்ஸ், பொரித்து மிஞ்சிய எண்ணெய் எல்லாம் போடுவார்கள். பரண் கட்டி, காற்று எந்தத் திசையில் இருந்து வருகிறதென்று பார்த்து, அசையாமல் இருக்க வேண்டும். வைகாசி ஆனியில் கறுப்பு ஈ காதுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் மொய்க்கும். கரடி வருவது பெரும்பாலும் வெளிச்சம் வடியும் கடைசி நேரத்தில். இரை வைத்துச் சுடுவது வேட்டையே அல்ல என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரைக்கு வந்த கரடி நின்று தின்னும். காதைப் பார்க்கலாம், பீப்பாயின் உயரத்தோடு முதுகை ஒப்பிடலாம், ஆணா பெண்ணா என்று ஆறுதலாகப் பார்க்கலாம். பார்க்கிறவனுக்கு அவசரம் இல்லையென்றால் இதைவிடத் தெளிவாகத் தெரிந்து சுடும் முறை கிடையாது.

அந்த 'அவசரம் இல்லையென்றால்' என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. தாய்க்கரடி குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியாக இரைக்கு வருவது உண்டு. வசந்தத்தில் குட்டியையும் குட்டியோடு நிற்கும் பெண்கரடியையும் சுடக் கூடாது என்பது சட்டம். ஆனால் பரணில் இருப்பவனின் கண்ணுக்கு அது ஒற்றைக் கரடி. அநாதைக் குட்டிகளை நினைத்துத்தான் ஒன்ராறியோ 1999-இல் வசந்த வேட்டையை நிறுத்தியது. 2014-இல் சில பகுதிகளில் சோதனையாகத் தொடங்கி, 2021-இல் நிரந்தரமாகத் திரும்பக் கொண்டுவந்தது. முதல் நாள் மாலையில் அந்த ஒற்றைக் கரடியைப் பார்க்கிறவன், மடியில் பால்கட்டு தெரிகிறதா, பக்கத்து மரத்தில் கிளை அசைகிறதா என்று கவனிப்பான். கடைசி நாள் மாலையில், நாளை விடிய 1000 கிலோமீற்றர் திரும்பி ஓட வேண்டியவன் பார்க்கும் பார்வை வேறு. எடுத்த லீவு, எரித்த பெற்றோல், வீட்டில் சொல்லிவிட்டு வந்த சொல் எல்லாமாகச் சேர்ந்து, இருக்கும் காதைவிடச் சிறிய காதை அவனுக்குக் காட்டும். என் கண்ணும் அப்படித்தான் பார்க்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு பெண்கரடி குட்டி ஈனுவதற்கு எவ்வளவு நிதானம் காட்டுகிறது என்று நினைத்தால் இந்த அவசரம் இன்னும் உறுத்துகிறது. ஆனியில் இணை சேர்கிறது. ஆனால் கரு உடனே கருப்பையில் ஒட்டுவதில்லை. கோடை முழுவதும் அப்படியே காத்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் தாய் புளூபெறி, கொட்டைகள் என்று தின்று போதிய கொழுப்புச் சேர்த்திருந்தால்தான் கார்த்திகை அளவில் கரு ஒட்டும். சேரவில்லையென்றால் அந்த வருடம் குட்டி இல்லை. பிறகு வளைக்குள் போய், தின்னாமல், குடிக்காமல், மலசலம் கழிக்காமல் மாதக்கணக்கில் கிடக்கிறது. அந்தக் கிடப்பிலேயே தை மாதத்தில் அரைக் கிலோவுக்கும் குறைவான, கண் திறக்காத குட்டிகளை ஈன்று பாலூட்டுகிறது. வைகாசியில் பீப்பாயடிக்கு வரும் பெண்கரடி இத்தனையையும் முடித்துவிட்டு வருகிறது. நவம்பர் வரை யோசித்துத்தான் குட்டிக்கு இடம் கொடுக்கும் ஒரு விலங்கைப் பற்றி, நான் ஒரு மாலைக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வில்லியம் போக்னர் 1942-இல் வெளியிட்ட 'த பெயர்' கதையும் இதே மிசிசிப்பிக் கருங்கரடியைப் பற்றியதுதான். ஊருக்குப் பழகிப்போன, பெயரே வைக்கப்பட்ட கிழக் கரடி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று ஐக் என்ற பையன் காடெல்லாம் அலைகிறான். கிடைக்கவில்லை. துப்பாக்கியை முகாமில் விட்டுவிட்டுப் போகிறான், அப்போதும் இல்லை. கடைசியில் மணிக்கூட்டையும் திசைகாட்டியையும் ஒரு பற்றையில் கொழுவிவிட்டு நடந்த பிறகுதான் கரடி அவனுக்குத் தோன்றுகிறது. துப்பாக்கியை விட்டதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னைப் பிடித்து வைத்திருப்பது மணிக்கூடு. நேரத்தை விட்டவனுக்குத்தான் கரடி தன்னைக் காட்டியது. அந்தக் கதையின் வேட்டைக்காரர்கள் ஒவ்வொரு நவம்பரும் அதே காட்டுக்கு, அதே முகாமுக்கு வருகிறவர்கள். வருடக்கணக்கில் அந்தக் கரடியைத் துரத்தியும் வெறுங்கையோடு திரும்பினார்கள், அடுத்த வருடம் மறுபடி வந்தார்கள்.

அப்படி ஒருவரை எனக்கு நேரிலும் தெரியும். வன்னியில் என் பெரியப்பா இடியன் துவக்கோடு காட்டுக்குப் போவார். பன்றி, மரை, சில வேளை முயல். கரடியை அவர் தேடிப் போனதே இல்லை. எங்கள் காட்டுக் கரடி வேறு இனம். திடீரென்று எதிர்ப்பட்டால் ஓடாது, முகத்தில் பாயும். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் நடப்பவர்கள் உரத்துக் கதைத்துக்கொண்டே நடப்பார்கள், கரடி கேட்டு விலகட்டும் என்று. பெரியப்பா பல நாட்கள் ஒன்றுமில்லாமல்தான் திரும்புவார். பெரியம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நான் ஒருமுறை கேட்டேன். "காட்டுக்குப் போனதுக்குக் கணக்குப் பாக்கக் கூடாது, தம்பி. கணக்குப் பாத்தா, கண்டதையெல்லாம் சுடுவாய்" என்றார். அவருக்கு அப்படி இருக்க முடிந்தது. காடு வீட்டுக் கோடிக்குப் பின்னால் இருந்தது. மரை அகப்பட்டால் அயலுக்கெல்லாம் பங்கு போகும், மிஞ்சியது வத்தலாகும். அகப்படாவிட்டால் மறுநாளும் அதே பாதையால் நடப்பார். குட்டியோடு நின்ற பன்றியை விட்டு வந்ததை அவர் ஒரு இழப்பாகச் சொன்னதே கிடையாது. விட்டு வருவதற்கு அவருக்குச் செலவு எதுவும் இல்லை.

ஆகவே வேட்டைக்கு ஏற்ற தூரம் எவ்வளவு என்று எனக்கு ஒரு அளவு கிடைத்திருக்கிறது: வெறுங்கையோடு திரும்பி வந்தால் நட்டம் என்று தோன்றாத தூரம். ஆளுக்கு ஆள் அது மாறும். ஓய்வு பெற்ற ஒருவர் வைற் றிவரில் மாதக்கணக்காகத் தங்க முடியுமென்றால் அவருக்கு 1000 கிலோமீற்றரும் கிட்டத்தான். வருடத்தில் ஒரு கிழமை லீவைப் பிய்த்தெடுக்கும் எனக்கு அது எட்டாத தூரம். எவ்வளவு நல்லவனாகப் போனாலும் அந்தத் தூரம் என்னைக் கெடுக்கும்.

தம்பிக்கு நேற்றுப் பதில் சொல்லிவிட்டேன். வைகாசிக்கு வரவில்லை. ஆனால் வேட்டைக்கு வரவில்லை என்று சொல்லவில்லை. பரி சவுண்ட் பக்கத்துக் காடுகளிலும் கருங்கரடி உண்டு. காலையில் வெளிக்கிட்டால் மத்தியானத்துக்கு முன் போய்ச் சேரலாம். புரட்டாதியில் போனால் குட்டிகள் எட்டு மாதத்தைத் தொட்டிருக்கும். அந்த வயதில் தாயை இழந்தாலும் பிழைக்க வழியுண்டு, வைகாசிக் குட்டிக்கு அது இல்லை. புளூபெறி தின்று கொழுத்த இறைச்சியும் நல்லது, 71 பாகைக்கு நன்றாக வேகவைத்தால் போதும். "அங்கை பெரிய கரடி அம்பிடாது, அண்ணை" என்றார் தம்பி. அம்பிடாவிட்டால் பரவாயில்லை என்றேன். மனதோடுதான் சொன்னேன். அடுத்த சனிக்கிழமையும் போகலாம், அதற்கடுத்த சனிக்கிழமையும் போகலாம். எந்த ஓடைக்கரையில் எந்தக் கரடி நடக்கிறது, எதற்குக் குட்டி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எப்படியும் இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். தெரிந்த பிறகு சுடுவதா விடுவதா என்று முடிவெடுப்பேன். அந்த முடிவில் பெற்றோல் காசுக்கு இடம் இருக்காது.