ஊமையான மூன்று கட்டைகள்

ஆர்மோனியத்துக்கு உதிரிப் பாகம் தேடி ஒருவன் ஊர் ஊராய் அலைந்தான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம், வாசகர்களே. என் மகளுக்கும் வந்தது. "புதுப் பெட்டி ஒன்று வாங்கினால் போச்சு, அப்பா" என்றாள்.

வாங்கலாம்தான். ஆனால் இந்தப் பெட்டி என்னுடையதே அல்ல. 1958-இல் எங்கள் தோட்டத்துப் பஜனைக் குழுவினர் சம்பளத்துக்குச் சம்பளம் 50 காசு போட்டு வாங்கியது. பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் தகப்பனார் அதை வாசிப்பார்; அதனால் எங்கள் வீட்டில் இருந்தது. 1994-இல் தோட்டம் கைமாறி லயன் வீடுகளை இடித்தபோது 40 குடும்பங்களும் சுங்கைப் பட்டாணி, பினாங்கு என்று சிதறிப்போயின. இப்போது புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, வர முடிந்தவர்கள் வருவார்கள், பாடுவோம். சென்ற ஆண்டு மூன்று கட்டைகள் ஊமையாகிவிட்டன. எங்களில் மூத்த பாடகருக்கு வயது 81. "இந்தப் பெட்டி இல்லாட்டி எனக்குச் சுதி சேராது, தம்பி" என்றார். பிறகு நான் என்ன செய்வது, சொல்லுங்கள்?

கட்டை என்பது நாம் விரலால் அழுத்துவது. பாடுவது உள்ளே இருக்கும் ரீடு. பித்தளைச் சட்டத்தில் ஒரு முனை மட்டும் பொருத்திய மெல்லிய பித்தளை நாக்கு அது. துருத்திக் காற்று பட்டதும் அதிர்கிறது. மூன்றரை ஸ்தாயிப் பெட்டியில் 42 கட்டைகள். இரட்டை ரீடு என்றால் 84 நாக்குகள். எங்களுடையது ஒற்றை ரீடு. ஒன்று போனால் துணைக்கு ஆளில்லை.

ஊமையானதெல்லாம் உடைந்தது என்று எண்ணிவிடாதீர்கள். தூசியோ பூச்சி இறக்கையோ இடுக்கில் புகுந்தாலே போதும், சத்தம் நின்றுவிடும். மெல்லிய காகிதத்தை நாக்குக்கு அடியில் விட்டு மெதுவாக இழுத்தால் பல நேரம் பேசிவிடும். ஆனால் சுதி கொஞ்சங் கொஞ்சமாக இறங்கிப் பிறகு அடங்கியதென்றால், பெரும்பாலும் நாக்கின் அடியில் விரிசல். எங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

பட்டணத்துக் கடை ஒன்றில் கொடுத்தேன். நான்கு மாதம் வைத்திருந்து, "எல்லா ரீடையும் கழற்றிப் புதுசு போட்டுடலாம்" என்று திருப்பித் தந்தார்கள், இரண்டு திருகாணி குறைவாக! எல்லா நாக்கையும் மாற்றிய பிறகு மரப்பெட்டி மிஞ்சும். பழைய குரல் எங்கே மிஞ்சும்?

ரீடு செய்வதில் பெயர்பெற்ற ஊர் குஜராத்திலுள்ள பாலித்தானா. சமணர்களின் மலைக்கோயில்களுக்குப் புகழ்பெற்ற அதே ஊர். அங்கே செய்ததை வரவழைத்தேன். நல்ல சரக்குதான். ஆனால் எங்கள் பெட்டியில் இருப்பவை பழைய ஜெர்மன் ரீடுகள். சட்டத்தின் நீளமும் திருகாணித் துளையும் ஒத்துவரவில்லை.

(கமகம் பேசாத வாத்தியம் என்று அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டு, 1971 வரை ஒதுக்கி வைத்திருந்தது. எங்கள் தோட்டத்து மக்கள் அதற்காக ஒருநாளும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.)

கடைசியில் கைகொடுத்தது கரையான் அரித்த பெட்டி ஒன்று. வேறொரு தோட்டத்துக் கோயிலின் சாமான் அறையில் கிடந்தது. பூசாரி, "எடுத்துட்டுப் போங்க ஐயா, இடமாவது மிஞ்சும்" என்றார். மரம் தொட்டால் உதிர்ந்தது. பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ரீடு அச்சாகப் பொருந்தியது. இன்னொன்று சுதி சற்றுக் குறைவு. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஒரு சுரண்டல், ஒரு ஊதல் என்று ஒரே சுரத்துக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் போயிற்று. பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து வாசித்துக் காட்டினேன். "இன்னும் ஒரு நூல் ஏத்துங்க" என்றார். ஏற்றினேன்.

இரண்டு பேசுகின்றன. நடு ஸ்தாயியில் கறுப்புக் கட்டை ஒன்று மட்டும் இன்னும் ஊமை. அந்தச் சுரம் வரும் பாட்டுகளைப் பெரியவர் இப்போது பாடுவதில்லை. உங்கள் பக்கத்துக் கோயிலில் அரித்துப்போன ஆர்மோனியம் கிடந்தால், குப்பை லாரி வருமுன் மூடியைத் திறந்து பாருங்கள். எனக்கு ஒரே ஒரு நாக்கு போதும்.