கடலில் மின் பிறக்கும் இடம்

அரபு மொழியில் மின்னாக்கிக்கு 'முவல்லித்' என்று பெயர். பிறப்பித்தல் என்னும் பொருளுடைய வேரினின்று கிளைத்த சொல் அது. நம் இல்லங்களில் வழங்கும் 'மௌலிது' என்பதற்கும் அதுவே வேர். விசைப்படகின் எஞ்சினோடு பெல்ட்டினால் பிணைப்புண்டு சுழலும் ஆல்டர்னேட்டருக்கு இப்பெயர் நன்கு பொருந்தும். எஞ்சினின் சுழற்சியை அது மின்னாகப் பிறப்பிக்கிறது. பேட்டரி அதனைச் சேமிக்கிறது. பிறப்பு நின்றுவிட்டால் சேமிப்பு எத்துணை நேரம் தாங்கும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்தில்தான் கீழைக்கடற்கரையில் படகுகள் பழுதுபார்க்கப்படுகின்றன. அத்தகைய நாளொன்றில் பாம்பனிலிருந்து நம் தமக்கையின் மகன் வந்தார். அவருடைய படகின் எஞ்சின் முப்பதாண்டு கண்டது; ஆயினும் உறுதியானது. ஆல்டர்னேட்டர் மட்டும் கருகிவிட்டது. பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லையாதலால் படகு கரை சேர்ந்துவிட்டது. ஆனால் விளக்கும் வயர்லெஸ்ஸும் ஜி.பி.எஸ்ஸும் இரவில் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தனவாம். 1974இல் வகுக்கப்பட்ட கடல் எல்லைக்கோடு நீரின்மேல் எழுதப்பட்டதன்று. அக்கருவியின் திரை இருண்டால் எல்லை எங்கே என்று எவரிடம் கேட்பது? அறியாது கடந்தவர்களின் மனைவி மக்கள் படும் துயரை நம் கடற்கரையூர்கள் நன்கறியும்.

கடைக்காரர் ஒருவர் மலிவான கார் ஆல்டர்னேட்டரைக் காட்டினாராம்; நண்பர் ஒருவர் 120 ஆம்பியருக்குக் குறைந்து வாங்காதே என்றாராம். "மாமா, பராயிள் கணக்கைப் பிசகாமல் போடுகிறவர்கள் நீங்கள், இதையும் போட்டுச் சொல்லுங்கள்" என்றார் மருமகனார். மெக்கானிக்கையும் உடன் அமர்த்திக் கணக்கிட்டோம்.

முதலில் செலவு. விளக்குகள், வயர்லெஸ், ஜி.பி.எஸ்., ஆழங்காட்டும் கருவி எல்லாம் சேர்ந்து 18 ஆம்பியர். இறங்கிய பேட்டரியை ஏற்ற இன்னுமொரு 25. ஆக 43.

அடுத்து வரவு. பெயர்ப்பலகையில் பொறித்த ஆம்பியர், குளிர்ந்த நிலையில், மிகுவேகத்தில் கிடைப்பது. மடி இழுக்கும்போது இந்த எஞ்சின் நிமிடத்திற்கு 1400 சுற்றுதான் சுழல்கிறது. எஞ்சின் புல்லி ஆல்டர்னேட்டர் புல்லியைப்போல் இரண்டரை மடங்கு விட்டமுடையது. எனவே ஆல்டர்னேட்டர் 3500 சுற்றுச் சுழலும். அவ்வேகத்தில் என்ன தரும் என்பதைத் தயாரிப்பாளரின் வரைபடத்தில் பார்த்தோம். 65 ஆம்பியர் என்று பொறித்த ஒன்று 50 தந்தது. எஞ்சின் அறையின் வெப்பத்தில் சிறிது குறைந்தாலும் தேவை நிறைவேறும்.

120 ஏன் கூடாது? 14 வோல்ட்டில் அது 1680 வாட். பாதிக்குச் சற்று மேலான பங்கே மின்னாக மாறுமாதலால், எஞ்சினிடமிருந்து ஏறக்குறைய 4 குதிரைத்திறனைப் பெறும். ஒற்றை மெல்லிய பெல்ட் அச்சுமையைத் தாங்காது, வழுக்கும், கருகும். இறுக்கினால் பேரிங் தேயும்.

பொருத்தமும் பார்த்தல் வேண்டும். தாங்கும் காலின் அகலம், துளையின் அளவு, புல்லிகள் ஒரே நேர்கோட்டில் நிற்றல் ஆகியவற்றை அளந்தோம். பழைய எஞ்சின்கள் சிலவற்றில் நேர்முனை எஞ்சின் உடலோடு இணைந்திருக்கும். இக்காலத்து ஆல்டர்னேட்டருக்கு எதிர்முனையே அவ்வாறிருத்தல் வேண்டும். மாறினால் டயோடுகள் நொடியில் கருகும். எஞ்சின் ஓடுகையில் பேட்டரி இணைப்பைக் கழற்றினாலும் அதே கதிதான். சுற்றுவேகங்காட்டி ஆல்டர்னேட்டரிலிருந்து குறிப்புப் பெறுவதாயின் அதற்குரிய முனையும் இருத்தல் வேண்டும். உப்புக்காற்றை எதிர்க்கும் பூச்சுடைய கம்பிச்சுருளுக்குச் சற்று மிகுதியாகக் கொடுப்பது வீண்செலவன்று. பெட்ரோல் எஞ்சினாயின், தீப்பொறி வெளிவராதவாறு காப்புச் செய்த படகு ஆல்டர்னேட்டரையன்றி வேறெதையும் எண்ணவே கூடாது. கார் ஆல்டர்னேட்டரின் ஒரு பொறி போதும், தேங்கிய ஆவி வெடிப்பதற்கு.

முடிவில் பூச்சுடைய 65 ஆம்பியரையே வாங்கினோம். கருகியதைச் சுருள் கட்டுவித்து, நெகிழியில் பொதிந்து, படகிலேயே மாற்றாக வைக்கச் சொன்னோம். வோல்ட்மீட்டர் ஒன்றும் சுக்கானருகே பொருத்தப்பட்டது. முள் 14இல் நிற்கும்வரை கவலையில்லை. 12க்கு இறங்கினால் வலையைச் சுருட்டிக்கொண்டு கரை திரும்புதல் வேண்டும்.

படகுடைய குடும்பத்தார்க்கு நாம் சொல்வது இதுவே: கடைக்குப் புறப்படுமுன் செலவுக்கணக்கையும், புல்லியின் அளவையும், எஞ்சின் இயங்கும் வேகத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். அந்த ஒரு தாள், கரையில் விழித்திருக்கும் தாய்மாரின் பல இரவுகளைத் துயிலுடையதாக்கும்.