எட்டுக் கோப்பைத் தேநீர்

பிள்ளைகளின் பரீட்சைக் காலம் வீட்டிலுள்ள எல்லோருக்குமே பரீட்சைக் காலம்தான். எங்கள் மூத்த மகள் உளவியல் டிப்ளோமா படிக்கிறாள். ‘ஆய்வு முறைகள்’ பாடத்தில் மட்டும் முதல் தடவை சித்தியடையவில்லை. இம்முறையும் தவறினால் படிப்பையே விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். வரைவிலக்கணங்களை இரவிரவாக மனனம் செய்தாள்.

அரபுக் கல்லூரியில் ஓதியவன் என்ற வகையில் மனனத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அவளது பழைய வினாத்தாள்களில் வரைவிலக்கணம் கேட்ட வினாக்கள் சிலவே. ஓர் ஆய்வைத் தந்து, அதன் குறை என்ன, எப்படித் திருத்தலாம் என்பதே பெரும்பாலும் கேள்வி.

“வாப்பாவுக்கு விளங்குகிற மாதிரி ஒன்றைச் சொல்லித் தாங்க மகள்” என்றேன்.

கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைக் குடித்தே சொல்வேன் என்று இங்கிலாந்தில் ஒரு பெண்மணி கூறினாராம். அதை எட்டுக் கோப்பைகளால் சோதிக்கும் விதத்தை ரொனால்ட் ஃபிஷர் என்ற அறிஞர் 1935இல் தமது நூலில் விளக்கியிருக்கிறார்.

கரைத்து ஊற்றிய பால்மாவுக்கும் நேரே போட்ட பால்மாவுக்கும் ருசி வேறு என்பது அவளது உம்மாவின் நெடுநாள் வாதம். அதையே சோதித்தோம். நான்கு கோப்பை ஒரு விதம், நான்கு மறு விதம். ஒரே அளவு சீனி, ஒரே சூடு: இவை கட்டுப்படுத்த வேண்டிய மாறிகள். கொடுக்கும் வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம்: அதுவே எழுமாற்று முறை. கோப்பையை நீட்டிய இளைய மகனுக்கும் எது எதுவென்று தெரியாது. முகக்குறிப்பு காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? ‘வேறுபாடு தெரியாது, வெறும் ஊகமே’ என்பது சூனியக் கருதுகோள்.

எட்டில் நான்கைத் தெரிவு செய்ய 70 வழிகள் உண்டு. ஊகத்தால் எல்லாம் சரியாக அமைவது 70இல் ஒரு தடவைதான். உம்மா ஆறைச் சரியாகச் சொன்னார். ஆறோ அதற்கு மேலோ ஊகத்தாலேயே சரிவர 70இல் 17 வாய்ப்புண்டு. நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்தால்தான் ஏற்பது வழக்கம்.

“அப்படியானால் உம்மாவுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியாதென்றும் சொல்ல முடியாது வாப்பா. தெரியுமென்று சொல்லச் சான்று போதாது, அவ்வளவுதான்.”

புத்தகத்தில் பலமுறை வாசித்தும் பிடிபடாதது அன்று அவள் வாயாலேயே வந்தது. அதன்பின் ஒவ்வொரு தலைப்பையும் எங்களுக்குக் கற்பித்தே மீட்டினாள். பரீட்சை எழுதிவிட்டாள், முடிவு இன்னும் வரவில்லை.

தாய்மாரே, பிள்ளை படிப்பது உங்களுக்கு விளங்காத பாடமாக இருக்கலாம். “எனக்குச் சொல்லித் தா” என்று அருகில் அமருங்கள். அத்துடன், ஒரு பிள்ளை ஒரு டொனிக் குடித்துப் பாஸானதென்று யாரும் சொன்னால், குடிக்காமல் பாஸானவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.