பிள்ளையார்பாளையத்து எலுமிச்சை மரம்

காஞ்சி மாநகருக்குச் செல்வோர் கோபுரங்களைக் காண்பர், பட்டுச் சேலைகளை வாங்குவர், ஊர் திரும்புவர். நெசவாளர் இல்லங்களின் கொல்லைப்புறத்தைக் காண்போர் சிலரே. சென்ற ஐப்பசித் திங்களில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் வீட்டில் அவ்வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

முன்கூடத்தில் குழித்தறி ஓய்ந்து கிடந்தது. "நாலு நாளாய் அடைமழை ஐயா. தறிக்குழியில் ஈரம் ஊறுகிறது; தெருவில் பாவு போடவும் வழியில்லை" என்றார் பெரியவர். மழைக்காலத்தில் இந்நகரின் தறிகள் பல இவ்வாறு ஓசையடங்கிக் கிடப்பதுண்டு.

கொல்லையில் ஓர் எலுமிச்சை மரம். மகள் பிறந்த ஆண்டில் நட்டதாம். தறி ஓடாத நாள்களில் அதன் காய்களை விற்ற காசே கைச்செலவுக்கு உதவியது. இப்போதோ இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன, நுனிக்கிளைகள் காய்ந்தன, அடிமரத்தில் பழுப்புநிறப் பிசின் வழிந்தது. சூட்டினால் வந்த கேடு என்றெண்ணி, குளித்த நீரையெல்லாம் அடிமரத்தில் பாய்ச்சியிருந்தனர். மண்ணையும் குவித்து அணைத்திருந்தனர். மருந்தென எண்ணியதே நோய்க்கு உணவாயிற்று!

இது பிசின் நோய். இதை விளைவிக்கும் பைட்டோப்தோராவை முன்னாளில் பூஞ்சை என்றே வகைப்படுத்தினர். இன்றைய அறிவியல் அதனைத் தனி இனமாகக் கொள்கிறது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வித்திட்டதும் இக்குலத்ததே. இதன் வித்துகள் நீரில் நீந்திச் சென்று பட்டையையும் வேரையும் பற்றுகின்றன. ஆகவே, தேங்கிய நீரே இதற்கு வாகனம்.

பரிகாரம் எளிது. குவித்த மண்ணை விலக்கி, ஒட்டுக்கட்டிய இடம் வெளியே தெரியச் செய்தல் வேண்டும். அடிமரத்தைச் சுற்றிச் சிறு மேடு அமைத்து, அதற்கு வெளியே வட்டப் பாத்தியில் மட்டுமே நீர் பாய்ச்சுக. அழுகிய பட்டையைத் தூய கத்தியால் சுரண்டி எரித்துவிடுக. பின்னர், மழை ஓய்ந்த நாளில் போர்டோ பசையைப் பூசுக. மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனியே அரை லிட்டர் நீரில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குக. மண்கலமோ பிளாஸ்டிக் வாளியோ வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. அன்றே பூசிவிடுதல் நலம். துத்தம் நஞ்சாதலால் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

பிரான்சு நாட்டில் போர்டோ நகரை அடுத்த சாலையோரத் தோட்டங்களில், திராட்சையைத் திருடுவோரை அஞ்சச் செய்யவே இக்கலவையைத் தெளித்தனர். தெளித்த கொடிகள் நோயின்றி நிற்கக் கண்ட மில்லார்டே என்னும் அறிஞர், 1885இல் அதன் பயனை உலகுக்கு அறிவித்தார்.

காய்களில் சொரசொரப்பாய்த் தோன்றும் சொறிப்புள்ளி வேறு நோய். அது பாக்டீரியாவால் வருவது. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது.

யாவற்றையும் கேட்ட பெரியவர் பெருமூச்செறிந்தார். "தறிக்குழிக்குள் தண்ணீர் புகாமல் கரை கட்டத் தெரிந்தவன், மரத்துக்குக் கட்டாமல் விட்டேனே!" என்றவர், மண்வெட்டியை எடுத்தார்.

அம்மரம் பிழைக்குமா என்பதை வரும் தளிர்களே கூறும். வாசகர்களே, உங்கள் கொல்லை எலுமிச்சையின் அடியையும் இன்றே ஒருமுறை குனிந்து பாருங்கள்.