41 என்னும் எண்



எங்கள் வீட்டுக் கணினிக்கு என்ன ஆயிற்று என்று உங்களில் பலர் விசாரித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புகள் இரண்டு வாரம் என் கோணல் கையெழுத்தில் வந்தால் கேட்கத்தானே செய்வீர்கள்! 'பழுது நீங்கிவிட்டது' என்று மட்டும் சொல்லி வைத்தேன். முழுவதையும் அன்று சொல்லவில்லை, இன்று சொல்லுகிறேன்.

முதலில் வாரத்துக்கு ஒருமுறை. பின்பு நாளுக்கு இருமுறை. எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகும். வெள்ளை எழுத்தில் ஒரு வரி தோன்றும். அதை வாசித்து முடிக்குமுன் இயந்திரம் தானாகவே மறுபடியும் தொடங்கிவிடும். ஒருநாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றது. மறுநாள் வேறு ஏதோ சொன்னது. அந்த வேறுபாட்டை நான் பொருட்படுத்தவில்லை. அதுவே முதல் துப்பு என்பதைப் பின்னரே அறிந்தேன். மென்பொருளின் குறை பெரும்பாலும் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் காட்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர் வருமானால் வன்பொருளை, அதிலும் 'ராம்' என்னும் நினைவகத்தை, முதலில் ஐயுற வேண்டும்.

விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்றொரு பதிவேடு உண்டு. நடந்தவற்றையெல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும். அதைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 'கெர்னல் பவர்', எண் 41. பெரிய குற்றவாளியைப் பிடித்துவிட்டதாக எண்ணினேன். உண்மையில் அந்தப் பதிவுக்குப் பொருள் இவ்வளவுதான்: கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மறுபடியும் தொடங்கியிருக்கிறது. விளக்கு அணைந்தது என்று சொல்லுகிறதே தவிர, அணைத்தது யார் என்று சொல்லவில்லை. அந்த 'யார்' என்பதை நானே சேர்த்துக்கொண்டேன்.

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன் விடுமுறையில் ஒரு விளையாட்டை அதில் நிறுவியிருந்தான். அவன் விளையாடும்போது இரண்டு மூன்று முறை திரை நீலமானதை நான் கண்டேன். எனக்கு அது போதுமாயிருந்தது. அவனுடைய மாமா வந்திருந்த ஒரு மாலையில், எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். "நான் விளையாடாதப்பவும் நிக்குதேப்பா" என்றான். சாக்குச் சொல்லுகிறான் என்று அதையும் தள்ளிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் தனிவகுப்புக்குப் போயிருந்தபோது, என்னுடைய கோப்புகளை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, வட்டை முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். அவன் பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. விளையாட்டுக்குரியதாயிருக்கும் என்று திறந்தும் பார்க்கவில்லை. அதிலிருந்தவை அவன் இரண்டு ஆண்டுகளாக வரைந்து சேர்த்த படங்கள். மாலையில் வந்து தேடினான், என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசாமல் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு உள்ளே போனான்.

நான்காம் நாள் மறுபடியும் நீலத்திரை. இப்போது விளையாட்டும் இல்லை, குற்றஞ்சாட்ட ஆளும் இல்லை.

கணினி பழுதுபார்க்கும் நம் சகோதரர் ஒருவரை அழைத்தேன். "யாரு என்ன போட்டாங்கங்கறத விடுங்க ஐயா, எப்ப எப்ப நிக்குதுன்னு ஒரு வாரம் எழுதி வைங்க" என்றார். எழுதினேன். வெறுமனே தட்டச்சு செய்யும்போது அரிதாகவே நின்றது. பல பக்கங்களைத் திறந்துவைத்துக் காணொளியும் ஓடும்போது அடிக்கடி நின்றது.

மறுவாரம் அவர் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுத் தம் கையிலிருந்த நிலைமின்னை இறக்கிக்கொண்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். தூசி, வெப்பம், மின்வழங்கி எல்லாவற்றையும் விரைவாகப் பார்த்தார். உள்ளே 4 ஜிபி அளவில் இரண்டு நினைவகப் பட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டு, மற்றதை மட்டும் வைத்து, 'மெம்டெஸ்ட்' என்னும் சோதனையைப் பென் டிரைவிலிருந்து இரவு முழுவதும் ஓடவிட்டார். நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி, எழுதியது அப்படியே திரும்பி வருகிறதா என்று அது பார்க்கும். முதல் பட்டையில் ஒரு பிழையும் இல்லை. இரண்டாம் பட்டையில் சிவப்பு வரிகள். அதன் பொன்னிறத் தொடுமுனைகளை ரப்பரால் துடைத்து மறுபடியும் செருகினார்; முதல் பட்டை இருந்த துளையிலேயே வைத்தும் பார்த்தார். அதே முகவரிகளில் அதே பிழை.

ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்தார் என்பதைக் கவனித்தேன். நானோ ஒரே மாலையில் எல்லாவற்றையும் அழித்திருந்தேன். பழுதான நினைவகத்தோடு புதிதாக நிறுவினால் நிறுவும் கோப்புகளே பிழையாகக்கூடும் என்று அவர் சொன்னபோது, ஆகையால்தான் அந்த நான்காம் நாளோ என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால், எதையும் அழிப்பதற்கு முன் ஓரிரவு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற எளிய சோதனை ஒன்று இருக்கிறது.

"அப்ப அந்த விளையாட்டு?" என்று கேட்டேன். "அது நிறைய நினைவகம் எடுக்கும் ஐயா. கெட்டுப்போன இடம்வரைக்கும் போய்த் தொடும். நீங்க பத்துப் பக்கம் திறந்தாலும் அதேதான்" என்றார்.

அன்றிரவு மகனிடம் போய், "தப்பு என்னுதுடா. நீ சொன்னத நான் கேட்டிருக்கணும்" என்றேன். அவன் மாமாவுக்கும் தொலைபேசியில் சொன்னேன். அவர் முன்னிலையில்தானே கடிந்துகொண்டேன். மகன், "பரவாயில்லப்பா" என்றான். அழிந்தவற்றை மீட்கும் மென்பொருளை இருவருமாக ஓடவிட்டோம். விண்டோஸை மேலே எழுதிவிட்டபடியால் சிலவே திரும்பின. அவற்றுள் ஒன்று அவனுடைய பாட்டியின் முகம். நெற்றியும் கண்களும் வந்தன, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

இப்போது ஒற்றைப் பட்டையோடு கணினி மெதுவாக, நிற்காமல் ஓடுகிறது. மகன் மறுபடியும் வரைகிறான். வரைந்து முடித்ததும் ஒரு பென் டிரைவில் எடுத்து, பள்ளிப் பையில் போட்டுக்கொள்ளுகிறான். அந்தக் கணினியில் அவன் எதையும் வைப்பதில்லை. நானும் இன்னும் கேட்கவில்லை.